வீடு, மனை ஒப்பந்தத்தில் வரும் ஆர்பிட்ரேஷன் ஷரத்து: ஒரு எளிய விளக்கம்

வீடு வாங்க ஒப்பந்தம் போடும்போது நாம் கவனமாகப் படிப்பது முதல் சில பக்கங்களைத்தான். விலை என்ன, எத்தனை தவணை, சாவி எப்போது கிடைக்கும் என்பதையெல்லாம் இரண்டு மூன்று முறை படிப்போம், வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுவோம், சந்தேகம் கேட்போம். அப்புறம் வரும் பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். கை வலிக்கும்வரை கையெழுத்து போட்டுக்கொண்டே போவோம். அந்தப் பக்கங்களில் ஒன்றில், பெரும்பாலும் கடைசிக்குச் சற்று முன்னால், இப்படி ஒரு பத்தி இருக்கும்:

"இந்த ஒப்பந்தத்திலிருந்தோ இது தொடர்பாகவோ எழும் எல்லாத் தகராறுகளும் ஆர்பிட்ரேஷன் மூலம் மட்டுமே தீர்க்கப்படும். விற்பவர் நியமிக்கும் ஒரே நடுவர் அதை விசாரிப்பார். விசாரணை விற்பவரின் தலைமை அலுவலகம் உள்ள ஊரில் நடக்கும். நடுவரின் தீர்ப்பே இறுதியானது, அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்."

இது விளக்கத்துக்காக நான் எழுதிய மாதிரி. ஆனாலும் புழக்கத்தில் இருக்கும் ஒப்பந்தங்களில் வருவதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. நான்கே வாக்கியங்கள்தான். விலையில் ஆயிரம் ரூபாய்க்கோ நூறு டாலருக்கோ பேரம் பேசும் நாம், இந்த நான்கு வாக்கியங்களுக்கு ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. நாளை சாவி வரவில்லை, சுவர் விரிசல் விட்டது, சொன்ன பரப்பளவு இல்லை என்று எந்தச் சிக்கல் வந்தாலும், அதை யார் விசாரிப்பார், எங்கே விசாரிப்பார், அதற்கு யார் செலவு செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது இந்தப் பத்திதான். இதை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால் முழு விஷயமும் புரிந்துவிடும்.

முதலில், ஆர்பிட்ரேஷன் என்றால் என்ன?

இரண்டு பேருக்குள் தகராறு. நீதிமன்றத்துக்குப் போகாமல், மூன்றாவதாக ஒருவரிடம் போய், "நீங்கள் இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்லுங்கள், அதற்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் ஆர்பிட்ரேஷன். அந்த மூன்றாமவர் நடுவர். அவர் ஓய்வுபெற்ற நீதிபதியாக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்கலாம், கட்டடப் பொறியாளராகவோ நில மதிப்பீட்டாளராகவோகூட இருக்கலாம். அவர் சொல்லும் தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அமல்படுத்த முடியும்.

தமிழில் இதை மத்தியஸ்தம் என்று எழுதுவதுண்டு. ஆனால் பேச்சு வழக்கில் மத்தியஸ்தம் என்றால் நடுவில் நின்று இரண்டு பேரையும் பேசவைத்து, இருவருக்கும் ஒத்துவரும் ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது. அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்: சமரசம். சமரசத்தில் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், யாரும் உங்கள்மீது முடிவைத் திணிக்க முடியாது. ஆர்பிட்ரேஷனில் அப்படி எழுந்து வர முடியாது. நீங்கள் வராவிட்டாலும் விசாரணை நடக்கும், தீர்ப்பு வரும், அது உங்களைக் கட்டுப்படுத்தும். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, "பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றுதானே போட்டிருக்கிறது" என்று கையெழுத்து போட்டவர்கள் நிறைய. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் ஆர்பிட்ரேஷன் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இது ஏதோ ஒரு நாட்டின் வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் இதற்கென்று மத்தியச் சட்டம் 1925லேயே வந்துவிட்டது. ஒரு நாட்டில் வந்த நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் அமல்படுத்த வழி செய்யும் நியூயார்க் உடன்படிக்கை 1958ல் உருவானது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. 1985ல் ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்துக் கொடுத்தது. இந்தியாவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒட்டி எழுதப்பட்டதுதான். அதனால் அடிப்படைகள் பல நாடுகளில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறுபடுவது முக்கியமாக ஓர் இடத்தில்: சாதாரண வீடு வாங்குபவரை இந்த ஷரத்திடமிருந்து சட்டம் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதில். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"எல்லாத் தகராறுகளும்… மூலம் மட்டுமே"

மாதிரிப் பத்தியின் முதல் வாக்கியம் இரண்டு வேலை செய்கிறது. எந்தெந்தத் தகராறு நடுவரிடம் போகும் என்று சொல்கிறது. வேறு எங்கும் போகாது என்றும் சொல்கிறது.

"ஒப்பந்தத்திலிருந்து எழும்" என்று மட்டும் இருந்தால் எல்லை கொஞ்சம் குறுகலாகப் படிக்கப்படலாம். "அது தொடர்பாகவும்" என்று சேர்த்துவிட்டால் எல்லை மிக அகலமாகிவிடும். வீட்டைக் காட்டும்போது வாயால் சொன்ன வாக்குறுதி, விளம்பரக் கையேட்டில் வரைந்திருந்த நீச்சல் குளம், பிற்பாடு பராமரிப்புக் கட்டணத்தில் வரும் சண்டை என்று எல்லாம் உள்ளே வந்துவிடலாம்.

சரி, கையெழுத்து போட்ட பிறகும் நேராக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் என்ன ஆகும்? மற்றத் தரப்பு வந்து ஷரத்தைக் காட்டி, "இது நடுவரிடம் போக வேண்டிய விஷயம்" என்று சொல்லும். ஷரத்து செல்லும் என்றால் நீதிமன்றம் வழக்கை நடுவரிடம் அனுப்பிவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அப்படிச் சொல்ல விரும்பும் தரப்பு, வழக்கின் விவரங்களுக்குள் போய்த் தன் முதல் பதிலைத் தாக்கல் செய்வதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். இந்தியச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, ஐ.நா. மாதிரிச் சட்டமும் அப்படித்தான். உங்களுக்கு ஆர்பிட்ரேஷன்தான் வசதி, எதிர்த் தரப்பு நீதிமன்றம் போய்விட்டது என்றால், இந்த ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். "ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டேன், பிறகு அதில் இருக்கும் ஷரத்துக்கு என்ன உயிர்?" உயிர் உண்டு. சட்டம் அந்தப் பத்தியை ஒப்பந்தத்துக்குள் இருக்கும் தனி ஒப்பந்தமாகவே பார்க்கிறது. பெரிய ஒப்பந்தம் முறிந்தாலும், சின்னது நிற்கும். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நீங்கள் குற்றம் சாட்டினால்கூட, ஏமாற்று முழு ஒப்பந்தத்தைப் பற்றியது என்றால் அதையும் நடுவரே விசாரிப்பார் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967லேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம் முறியும்போதுதானே தகராறு வருகிறது. அந்த நேரத்தில் ஷரத்தும் சேர்ந்து செத்துவிட்டால் அதை எழுதியே பயனில்லை.

"விற்பவர் நியமிக்கும் ஒரே நடுவர்"

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இந்த வரியைப் படியுங்கள். மற்றவை எல்லாம் வசதி, செலவு, தூரம் பற்றியவை. இது நியாயம் பற்றியது.

நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பதை நீங்களும் தீர்மானிக்க முடியாது, எதிராளியும் தீர்மானிக்க முடியாது. அந்தப் பொதுவான ஏற்பாட்டில்தான் பாதி நம்பிக்கை இருக்கிறது. நடுவரை ஒரே தரப்பு நியமிக்கலாம் என்றால் அந்தப் பாதி போய்விடுகிறது. நடுவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு கட்டுமான நிறுவனம் ஆண்டுக்குப் பல தகராறுகளுக்கு நடுவரைத் தேடும். வீடு வாங்குபவர் வாழ்க்கையில் ஒரு முறைதான் வருவார். அடுத்த வேலையும் அதே நிறுவனத்திடமிருந்துதான் வரவேண்டும் என்று தெரிந்திருக்கும் ஒருவருக்கு எத்தனை மனவுறுதி இருந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் வாங்குபவருக்கு அவர்மீது நம்பிக்கை வருவது கடினம். தோற்றவருக்கும் "என் பேச்சைக் கேட்டார்கள்" என்று தோன்ற வேண்டும். அது இல்லாத விசாரணை எனக்குச் சம்மதமில்லை.

இந்தியாவில் இந்தச் சிக்கலைப் படிப்படியாகச் சரிசெய்து வந்திருக்கிறார்கள். 2015ல் சட்டத்தைத் திருத்தி, யார் யார் நடுவராக இருக்கவே கூடாது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், அந்தத் தரப்போடு வியாபாரத் தொடர்பு உள்ளவர் போன்றவர்கள் அதில் வருகிறார்கள். 2017ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது: தானே நடுவராக இருக்கத் தகுதி இழந்த நிர்வாக இயக்குநர், தனக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கவும் முடியாது. 2019ல், முடிவில் தனக்கு ஆதாயம் உள்ள ஒரு தரப்பு ஒரே நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்றது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மையும், ஒரு தரப்பே ஒரே நடுவரை நியமிக்கும் ஷரத்து நடுவரின் பாரபட்சமின்மை குறித்து நியாயமான சந்தேகத்தை எழுப்புகிறது என்று சொன்னது.

இத்தனை தீர்ப்புக்குப் பிறகும் பழைய வாசகம் ஒப்பந்தங்களில் அப்படியே வந்துகொண்டிருக்கக் காரணம், ஒருவர் பழைய ஒப்பந்தத்தை நகலெடுத்துப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவதுதான். அதனால், அச்சில் இருக்கிறது என்பதாலேயே அது சட்டப்படி நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

நல்ல ஷரத்தில் நியமனம் எப்படி இருக்க வேண்டும்? இரண்டு தரப்பும் பேசி ஒருவரை ஒப்புக்கொள்வது முதல் வழி. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றமோ, பொதுவான ஓர் ஆர்பிட்ரேஷன் நிறுவனமோ நியமிக்க வேண்டும். மூன்று நடுவர் முறையும் உண்டு: ஆளுக்கு ஒருவர், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவர். கேட்க அழகாக இருக்கும். ஆனால் மூன்று பேருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஒரு சின்னக் குடியிருப்பின் தண்ணீர்க் கசிவுக்கு மூன்று நடுவர் என்பது வாங்குபவரைச் செலவிலேயே ஓடவைத்துவிடும். வீட்டுத் தகராறுக்கு ஒரே நடுவர் போதும், அவரை நியமிப்பவர் பொதுவானவராக இருந்தால்.

"தலைமை அலுவலகம் உள்ள ஊரில்"

இந்த வரியைப் பார்த்தவுடன் பயணச் செலவுதான் மனதில் வரும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது. வழக்கறிஞர்கள் இதை இரண்டாகப் பிரிப்பார்கள்: 'சீட்', 'வென்யூ'. வென்யூ என்பது மேஜை நாற்காலி போட்டு உட்காரும் இடம். வசதிக்காக மாற்றலாம், இணையவழியில்கூட நடத்தலாம். சீட் என்பது அந்த ஆர்பிட்ரேஷனின் சட்ட முகவரி. நடுவரை நியமிக்கச் சொல்லவோ, தீர்ப்பை எதிர்க்கவோ எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வீடு ஓர் ஊரில், சீட் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி என்றால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு வழக்கறிஞரை வைக்க வேண்டிவரும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த நாட்டில் வீடு வாங்குபவர்கள் இதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊரையே சீட்டாக வைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை.

"இறுதியானது"

இந்தச் சொல்லை ஏதோ சம்பிரதாயமாகப் போட்டது என்று நினைப்பார்கள். அது உண்மையிலேயே இறுதி.

நீதிமன்றத்தில் கீழ்நிலைத் தீர்ப்பு தவறு என்றால் மேல்முறையீடு உண்டு. நடுவர் தீர்ப்புக்கு அந்த அர்த்தத்தில் மேல்முறையீடு இல்லை. நடுவர் ஆதாரத்தைத் தவறாக எடைபோட்டார், அல்லது சட்டத்தைக் கொஞ்சம் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. உங்களுக்குப் பேசவே வாய்ப்பு தரவில்லை, நடுவர் ஒருதலையாக நடந்தார், ஷரத்துக்கு வெளியே போய்த் தீர்ப்புச் சொன்னார் என்பன போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே அதை ரத்து செய்யக் கேட்கலாம். இந்தியாவில் அதற்கு மூன்று மாத அவகாசம். போதிய காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. இங்கிலாந்தில் சட்டக் கேள்வி ஒன்றுக்காக மேல்முறையீடு செய்ய ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதையும் ஒப்பந்தத்தில் எழுதி மூடிவிடலாம்.

இதைத் தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒரு சொத்துத் தகராறில் இரண்டு தரப்பு முயன்று பார்த்தன. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் மேட்டெல் என்ற பொம்மை நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்த தொழிற்சாலை வளாகத்தில், கிணற்று நீர் ரசாயனத்தால் மாசுபட்டிருந்தது தெரியவந்தது. சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று உரிமையாளருக்கும் மேட்டெலுக்கும் வழக்கு. நடுவரிடம் போகச் சம்மதித்த அவர்கள், "நடுவரின் சட்ட முடிவு தவறாக இருந்தால் நீதிமன்றம் ரத்து செய்யலாம்" என்று தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். இரண்டு தரப்புக்கும் நல்ல வழக்கறிஞர்கள், இரண்டு தரப்பும் விரும்பி எழுதியது. ஆனாலும் 2008ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1925ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்லும் காரணங்களுக்கு மேல் தரப்பினர் புதிதாகக் காரணம் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், "ரொம்பத் தவறாக இருந்தால் அப்பீல் போய்க்கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு யாரும் கையெழுத்து போடக் கூடாது.

செலவும் நேரமும்

நீதிபதிக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. நடுவருக்குக் கட்டணம் தரப்பினர்தான் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் முன்பணமாக. நிறுவனம் ஒன்று நடத்தினால் அதற்கும் நிர்வாகக் கட்டணம் உண்டு. தகராறு சிறியது என்றால் இந்தச் செலவே அதைவிடப் பெரிதாகிவிடலாம். ஆகவே ஷரத்தில், செலவைத் தொடக்கத்தில் யார் போட வேண்டும், முடிவில் யார் ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நேரத்தில் ஆர்பிட்ரேஷனுக்கு நல்ல பெயர் உண்டு, அது பெருமளவு நியாயமானதும்கூட. இந்தியாவுக்குள் நடக்கும் ஆர்பிட்ரேஷனில், இரு தரப்பும் தங்கள் எழுத்து வாதங்களைத் தாக்கல் செய்து முடித்ததிலிருந்து 12 மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும். இருவரும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். அதற்கு மேல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சொத்து வழக்குகள் தலைமுறை தாண்டி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கட்டடத்தைப் பற்றித் தெரிந்த ஒரு பொறியாளரே நடுவராக வந்தால், விரிசல் எதனால் வந்தது என்று அவருக்கு முதலிலிருந்து பாடம் நடத்த வேண்டியதும் இல்லை. விசாரணை ரகசியமாக நடக்கும் என்பதும் ஒரு வசதி. ஆனால் ஒரே கட்டடத்தில் இருபது பேருக்கு அதே குறை இருக்கும்போது, ஒருவர் ஜெயித்தது மற்றவருக்குத் தெரியாமலே போய்விடும். அந்த ரகசியம் யாருக்கு உதவுகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடுவரால் தீர்க்க முடியாதவை

நடுவரின் அதிகாரம் கையெழுத்திலிருந்து வருகிறது. கையெழுத்து போடாதவர்மீது அது பொதுவாகப் பாயாது. நிலத் தகராறில் இது பெரிய இடைஞ்சல். ஏனென்றால் ஒரு மனைக்குப் பின்னால் விற்பவர், அவருடைய உடன்பிறந்தவர்கள், கடன் கொடுத்த வங்கி, தரகர், பக்கத்து நிலத்துக்காரர் என்று பலர் இருப்பார்கள். விற்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் நடுவர் ஒரு தீர்ப்புச் சொன்னாலும், "அந்த மனையில் எனக்கும் பங்கு இருக்கிறது" என்று வரும் மூன்றாமவரை அது தடுக்காது.

அதனால் ஊர் உலகம் முழுவதையும் கட்டுப்படுத்த வேண்டிய உரிமைகள் நீதிமன்றத்துக்கே விடப்பட்டிருக்கின்றன. அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்கும் வழக்கு நடுவரிடம் போக முடியாது என்று 2011ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைத் தகராறுகளில், சாதாரணச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் கீழ் வருபவை நடுவரிடம் போகலாம், ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் தனி மன்றம் அமைத்துப் பாதுகாக்கும் குடியிருப்பவர்களின் வழக்குகள் போக முடியாது என்று 2020ல் தெளிவுபடுத்தியது. அதே சமயம், "ஒப்பந்தப்படி எனக்கு விற்றுக் கொடு" என்று கேட்பது இரண்டு பேருக்குள் இருக்கும் விஷயம். அதை நடுவர் உத்தரவிடலாம் என்பது 1999லிருந்தே நிலைபெற்ற நிலைப்பாடு.

அவசரம் வந்தால்? நீங்கள் முன்பணம் கொடுத்த வீட்டை விற்பவர் இன்னொருவருக்கு விற்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் நியமனம் ஆகும்வரை காத்திருந்தால் வீடு கைமாறிவிடும். ஷரத்து இருந்தாலும், இடைக்காலத் தடை கேட்டு நீதிமன்றத்துக்குப் போக மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகள் வழி வைத்திருக்கின்றன. இந்தியாவில் அது 9ஆவது பிரிவு. அப்படிப் போனதால் ஆர்பிட்ரேஷன் உரிமை போய்விடாது. தடை வாங்கிய 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வீடு வாங்குபவருக்குச் சட்டம் தரும் கூடுதல் கதவுகள்

இரண்டு நிறுவனங்கள் சமமாக உட்கார்ந்து பேசி எழுதிய ஷரத்தும், அச்சடித்த படிவத்தில் வீடு வாங்குபவர் கையெழுத்திட்ட ஷரத்தும் ஒன்றா? இந்த இடத்தில்தான் நாடுகள் பிரிகின்றன.

இந்தியாவில், ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் வீடு வாங்குபவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அவரை நடுவரிடம் போ என்று கட்டாயப்படுத்த முடியாது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும், தான் தரும் பரிகாரங்கள் மற்றச் சட்டங்கள் தருவதற்குக் கூடுதலானவை என்று சொல்கிறது. ஆக, ஷரத்தில் "மட்டுமே" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்துவிட வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் 1993லிருந்தே நுகர்வோரின் வழக்குத் தொடரும் உரிமையைத் தடுக்கும் ஷரத்துகள் நியாயமற்றவையாகக் கருதப்படக்கூடும். இங்கிலாந்துச் சட்டம் இன்னும் நேரடி: 5,000 பவுண்டு வரையிலான நுகர்வோர் கோரிக்கைகளுக்கு ஆர்பிட்ரேஷனைக் கட்டாயமாக்கும் ஷரத்து தானாகவே நியாயமற்றது. அமெரிக்காவில் பொதுவாக இத்தகைய ஷரத்துகள் செல்லும். பலர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம்கூட 2011லிருந்து அங்கே நிற்கிறது. ஆனால் வீட்டுக்கடன் ஒப்பந்தங்களில் கட்டாய ஆர்பிட்ரேஷனை 2010ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியா மாநிலத்தின் ஏற்பாடு. சொத்து ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து வைத்தால், அதற்குத் தனித் தலைப்பு வேண்டும், எடுப்பான எழுத்தில் ஓர் அறிவிப்பு வேண்டும், அதில் நீதிமன்ற விசாரணை உரிமையையும் ஜூரி உரிமையையும் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதன் கீழே தரப்பினர் தனியாகச் சுருக்கொப்பம் இட இடம் விட வேண்டும். ஷரத்தை யாரும் தடை செய்யவில்லை. படிக்காமல் தாண்டிப் போவதைத்தான் கடினமாக்கியிருக்கிறார்கள்.

அதே நான்கு வரி, இன்னொரு முறை

தொடக்கத்தில் பார்த்த பத்தியை வாங்குபவருக்கும் நியாயமாக எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தகராறு எழுந்தால் இரு தரப்பும் முதலில் 30 நாள் பேசித் தீர்க்க முயல்வார்கள். தீராவிட்டால், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் ஒரே நடுவரிடம் அது ஒப்படைக்கப்படும். 30 நாளில் ஒப்புதல் ஏற்படாவிட்டால் நீதிமன்றம் நடுவரை நியமிக்கும். ஆர்பிட்ரேஷனின் சீட் சொத்து அமைந்துள்ள ஊர். நடுவர் கட்டணத்தை இரு தரப்பும் சமமாகச் செலுத்துவர். இறுதியில் யார் ஏற்பது என்பதை நடுவர் முடிவு செய்வார். நுகர்வோர் சட்டம், ரியல் எஸ்டேட் சட்டம் ஆகியவற்றின் கீழ் வாங்குபவருக்கு உள்ள உரிமைகளையும், இடைக்காலத் தடை கேட்கும் உரிமையையும் இது பாதிக்காது."

விற்பவரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். "எல்லோரும் கையெழுத்து போட்டது இதுதான்" என்ற பதில் வரலாம். முழுப் பத்தியையும் மாற்ற மறுத்தால், நடுவர் நியமனம் பற்றிய வாக்கியத்தை மட்டுமாவது மாற்றச் சொல்லுங்கள். வாயால் ஒப்புக்கொண்டால் போதாது. ஒப்பந்தத்திலேயே திருத்தி இருவரும் அந்த இடத்தில் ஒப்பமிட வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்து போட்டுவிட்டவர்களுக்கு இரண்டு விஷயங்கள். முதலாவது, காலக்கெடு. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் மட்டும் காலக்கெடு நின்றுவிடாது. இந்தியாவில் ஒப்பந்தம் சார்ந்த பெரும்பாலான கோரிக்கைகளுக்கு மூன்று ஆண்டு. ஆர்பிட்ரேஷன் கோரும் உங்கள் நோட்டீஸ் எதிர்த் தரப்பின் கைக்குக் கிடைக்கும் நாளில்தான் அது தொடங்கியதாகக் கணக்கு. "பேசிக்கொண்டிருக்கிறோமே" என்று நாளைக் கடத்தாமல், ஒப்புகைச் சீட்டு கிடைக்கும் வழியில் அந்த நோட்டீஸை அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, தகராறு தொடங்கிய பிறகு உங்களிடம் வரும் காகிதங்கள். விற்பவரின் ஆலோசகர் போன்றவர்கள் நடுவராக முடியாது என்ற இந்தியச் சட்டத்தின் பாதுகாப்பை, தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுக்கலாம். ஆகவே "இந்த நடுவரைக் குறித்து எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு பக்கக் கடிதம் வந்தால், அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டும்வரை கையெழுத்திட வேண்டாம். முதல் விசாரணை நாளில், வந்தவர்கள் பெயரெழுதும் தாளோடு சேர்த்தும் அது நீட்டப்படலாம்.